குதிரைக்கு அடியில் ஓர் எறும்பு

ஜினதாஸ் குதிரையைத் தூக்கியதை நடுவர் அந்தோணி பார்க்கவில்லை. திரும்ப வைத்ததைத்தான் பார்த்தார்.

"தொட்டுட்டான் சார்! குதிரையத் தொட்டுட்டு இப்ப வெச்சிட்டான்!" என்று எதிரே இருந்த ராஜவேலு கத்தினான்.

மாவட்டச் சதுரங்கப் போட்டியின் கடைசி ஆட்டம் அது. பட்டுக்கடை மாடியில் மேஜை போட்டிருந்தார்கள். ஜெயிப்பவன் மாநிலப் போட்டிக்கு மதராஸ் போவான். இரண்டு பேருக்குமே ஊர் முசரவாக்கம். காலையில் ஒரே சைக்கிளில் வந்து இறங்கியவர்கள்.

அந்தோணி கடிகாரத்தை நிறுத்தினார். பலகையைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும் என்பது விதி. ஆனால் அந்தக் குதிரைதான் ஜினதாஸின் ராஜாவுக்குக் காவல். அது எங்கே நகர்ந்தாலும் ஆட்டம் போய்விடும்.

"ஏம்பா தொட்டே?"

"எறும்பு சார்," என்றான் ஜினதாஸ். "குதிரைக்கு அடியில பூந்துக்கினு இருந்துது. நசுங்கிடுமேன்னு தூக்கினேன். விரல்ல ஏத்தி ஜன்னல்ல வுட்டுட்டேன்."

"இன்னா சார் எறும்பு? குதிரைமேல ஏறி சவாரி போச்சாமா?" ராஜவேலு சிரித்தான். பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள்.

அந்தோணி மேஜையை ஒட்டியிருந்த ஜன்னலைப் பார்த்தார். கறுத்த மரச்சட்டம். எறும்பு இருந்தாலும் தெரியாது, இல்லாவிட்டாலும் தெரியாது.

ஜினதாஸ் சமணக் குடும்பத்துப் பிள்ளை. விளக்கில் பூச்சி விழுமென்று பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிடும் வீடு. அப்படிப்பட்டவன் எறும்புக்காகக் கை நீட்டுவான்தான். ஆனால் தப்பான காயைத் தொட்டுவிட்டு விழிக்கிறவனுக்கு இதைவிடத் தோதான பொய்யும் கிடைக்காது.

"சரி, நீ ஆட நெனச்சது எது?"

ஜினதாஸ் அவர் காதோடு சொன்னான். யானையை எதிராளியின் கோட்டைக்குள் இறக்கும் ஆட்டம். அபாரமான ஆட்டம். முன்பே நினைத்ததா, தான் கூடத்தின் மறுகோடியிலிருந்து நடந்து வருவதற்குள் கண்டுபிடித்ததா? அந்த முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை.

"ஆடாம காயைச் சும்மா சரிபண்றதுன்னா தொடறதுக்கு முன்னாடியே சொல்லணும், தெரியுமில்ல?"

"தெரியும் சார். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் எறும்பு நிக்குமா சார்?"

விதிப்படி குதிரைதான் ஆட வேண்டும். அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான் அந்தோணியின் கண்ணில் பட்டது, மேஜைமேல் சிந்தியிருந்த கடலை உருண்டைத் தூள். மத்தியானத்திலிருந்து கடலை உருண்டை மென்றுகொண்டிருப்பவன் ராஜவேலு. தூள் கிடந்ததோ ஜினதாஸின் பக்கம்.

"இது எப்படி இந்தப் பக்கம் வந்துது?"

"துன்னா செதறாதா சார்?"

"உன் பக்கம் ஒண்ணுகூடச் செதறலையே. ஜினதாஸ் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும் இல்ல?"

"ஊருக்கே தெரியும் சார்." ராஜவேலுவின் சிரிப்பு நின்றது. "இன்னா சொல்றீங்க? நான் வெல்லம் போட்டு எறும்பை இட்டாந்தேன்றீங்களா? அதைக் குதிரைக்குப் போவச் சொல்லியும் குடுத்தேனா?"

கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. இரண்டு தெரு தள்ளியிருந்த தறிகளின் சத்தம் கேட்டது. அந்தோணிக்குச் சந்தேகம் மேஜையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டது. எதிராளியின் கவனத்தைக் கலைப்பதும் விதிமீறல்தான். தூண்டில் போட்டவனுக்கே மீனையும் கொடுப்பதா?

"வேணும்னு ஆடத் தொட்டதா நான் எடுத்துக்கல. ஜினதாஸ் எந்தக் காயை வேணா ஆடலாம். என் முடிவே கடைசி."

"நீங்க பாத்தீங்களா சார், எறும்பை?" என்று கேட்டான் ராஜவேலு.

அந்தோணி கடிகாரத்தை ஓடவிட்டார்.

ஜினதாஸ் யானையை இறக்கினான். கடிகாரத்தின் பித்தானை அழுத்தினான். சுற்றி நின்றவர்களிடம் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. ராஜவேலுவின் ராணி தப்ப வழியில்லை. ஜினதாஸ் நிம்மதியாக மூச்சு விட்டான். முன்னால் சாய்ந்து உட்கார முழங்கைக்கு இடம் தேடினான். பலகையிலிருந்து கண்ணை எடுக்காமலே, உள்ளங்கையின் ஓரத்தால் கடலை உருண்டைத் தூளைச் சரசரவென்று வழித்துத் தரையில் தள்ளினான்.

"பாத்துபா," என்றான் ராஜவேலு மெதுவாக. "எறும்பு இருக்கப் போவுது."

ஜினதாஸின் கை அப்படியே நின்றது. அவன் தரையைப் பார்க்கவில்லை. கையையும் பார்க்கவில்லை.

அந்தோணியின் விரல் கடிகாரத்தை நோக்கிப் போயிற்று. ஆனால் ஆடிவிட்ட காயைத் திரும்ப எடுக்கச் சொல்ல அவரிடம் விதி எதுவும் இல்லை. விரலை மடக்கிக்கொண்டார். ஓடிக்கொண்டிருந்தது ராஜவேலுவின் நேரம். அவன் பலகையைப் பார்க்காமல் நடுவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.