ரீடிங் எடுத்த கை

முப்பத்தொரு வருடம் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடிங் எடுத்தவன் நான். நாற்பது லட்சம் மீட்டர்களையாவது முகத்துக்கு முகம் பார்த்திருப்பேன். மனைவி கேட்டால் நாலு லட்சம் என்பாள், விடுங்கள். என்னைத் துரத்தாத நாய் எங்கள் ஊரில் பிறக்கவே இல்லை. அத்தனை நாய்க்கும் நடுங்காத என் தொடை, ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் ஓர் எண்ணைப் பார்த்து நடுங்கியது. 618.

அதுதான் என் கிரெடிட் ஸ்கோர். மனைவியின் முழங்கால் ஆபரேஷனை இரண்டு கிரெடிட் கார்டுகள் சுமந்து, இரண்டுக்கும் கழுத்துவரை நிரம்பிவிட்டது. இரண்டு மாதம் தவணை தவறியது. வசூல்காரர் போனில் பேசினால் சுவர்க் கடிகாரம் ஐந்து நிமிடம் பின்னால் போகும். சத்தியமாகப் பார்த்தேன்.

எனக்காக மட்டும் என்றால் தலைக்கு மேல் வெள்ளம் என்று படுத்திருப்பேன். மகளுக்கு நர்சிங் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. கல்விக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட என்னை விட்டால் ஆள் இல்லை.

"உங்க ஸ்கோர் அறுநூத்தம்பதாவது வரணும் சார். தொண்ணூறு நாள் டைம் இருக்கு" என்றார் வங்கி அதிகாரி. என் மகளைவிட நாலைந்து வயது மூத்த பெண்.

தொண்ணூறு நாள்! அந்த எண்ணைத் தினமும் கண்காணிக்காமல் எப்படி? போனில் ஒரு கடன் கம்பெனி விளம்பரம் வந்தது. 'விண்ணப்பியுங்கள், ஸ்கோரை உடனே இலவசமாகப் பாருங்கள்!' பச்சைப் பொத்தானை அழுத்தினேன். ஸ்கோர் வந்தது. கீழே, 'வருந்துகிறோம், தங்களுக்குக் கடன் இல்லை' என்றும் வந்தது. கடனை யார் கேட்டது? எனக்கு ரீடிங் போதும். ஒரு கம்பெனி இரண்டாம் முறை காட்டாது என்பதால் தினம் ஒரு கம்பெனி. காலை ஆறு மணிக்குப் பார்த்து, பழைய டைரியில் பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

618. 616. 613. 611.

எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு. வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடினால், எங்கோ கசிவு, இல்லையென்றால் எவனோ கொக்கி போட்டுக் கரண்ட் திருடுகிறான். கார்டுகள் இரண்டையும் பீரோவில் பூட்டினேன். ஸ்கூட்டரை விற்றுத் தவறிய தவணைகளைக் கட்டினேன். இரண்டாவது டீயை நிறுத்தினேன். மறுநாள் 606.

அப்படியானால் கொக்கிதான். யார்? என் மச்சினன். எங்கள் வீட்டில் அவன் பெயரே 'நாளைக்கு'. வாங்கியதைத் திருப்பித் தரும் நாள் அது. போன் போட்டேன்.

"டேய், என் பேர்ல எங்கயாவது கடன் வாங்கியிருக்கியா? உண்மையச் சொல்லு."

"மாமா, உங்க பேரச் சொன்னா எனக்கு டீ கூடத் தரமாட்டான். கடன் எவன் தருவான்?"

"சத்தியமா?"

"நாளைக்கு நேர்ல வந்து பண்றேன்."

"என் தம்பிய எதுக்குங்க வம்புக்கு இழுக்கறீங்க?" என்று மனைவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

பதினேழாம் நாள் 581. மகள் என் தோளுக்குப் பின்னால் நின்று டைரியைப் பார்த்துவிட்டாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்மிஷன் கடிதத்தை எடுத்து மேஜை இழுப்பறைக்குள் வைத்தாள்.

"மருந்துக்கடையில ஆள் கேட்டிருக்காங்கப்பா. நான் போறேன். நீங்க பயப்படாதீங்க."

அவள் அப்படிச் சொன்னதும் வந்த பயத்தை மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. மூச்சே வரவில்லை, அவ்வளவுதான்.

அன்றே மூவரும் வங்கிக்குப் போனோம். அதிகாரி என் அறிக்கையை எடுத்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி படித்தார்.

"சார், பதினேழு நாள்ல பதினேழு கம்பெனில கடன் கேட்டிருக்கீங்க."

"நானா? நான் ரீடிங் மட்டும்தாம்மா பாத்தேன்!"

"நீங்க ஒவ்வொரு தடவை அழுத்தினதும் ஒரு விண்ணப்பம் சார். இந்த மனுஷன் ஏதோ அவதியில இருக்கார்னு கம்ப்யூட்டர் நினைச்சு ஸ்கோரக் குறைச்சிடும்."

"அது சரியாத்தாம்மா நினைச்சிருக்கு."

"அத்தனை நாயும் சரியான ஆளத்தான் துரத்தியிருக்கு" என்றாள் மனைவி.

கொக்கி போட்டவன் நானேதான். இனி எங்கும் விண்ணப்பிக்கக் கூடாது, ஒரு தவணையும் தவறக் கூடாது, இரண்டு கார்டிலும் பாக்கியை வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றார் அதிகாரி.

"அப்புறம் ஏறிடுமா?"

"ஏறும். அறுநூத்தம்பது வருமான்னு சொல்ல முடியாது சார். பாக்காம இருங்க."

பார்க்காமல் இருப்பதாவது! என் போனை மனைவி பிடுங்கித் தையல் மிஷின் பெட்டிக்குள் பூட்டினாள். தன் வளையல் இரண்டையும் கழற்றி விற்றுக் கார்டில் கட்டினாள். நான் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் தண்ணீர் மீட்டர் எழுதும் வேலைக்குப் போனேன். சம்பளம் என் கைக்கே வராமல் கார்டுக்குப் போனது. எழுபத்து மூன்று நாள் என் விரல்கள் அரித்த அரிப்பில் பக்கத்து வீட்டு மீட்டர், ஆட்டோ மீட்டர், கறிக்கடைத் தராசு என்று எதையும் விடவில்லை. அந்த ஓர் எண் மட்டும் இருட்டில் ஏறுகிறதா இறங்குகிறதா தெரியாமல் கிடந்தது. இறங்குவதாகவே தினமும் கனவு. ஒருநாள் கனவில் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது.

தொண்ணூறாம் நாள். அதிகாரி தட்டச்சு செய்தார். நான் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு சிலிண்டரின் முள்ளையே பார்த்தேன். மகள் திரையை எட்டிப் பார்த்தாள். அவள் விரல்கள் என் மணிக்கட்டைப் பிடித்தன; சில்லென்று இருந்தன.

"என்னம்மா? போச்சா?"

"அப்பா... கையெழுத்துப் போடுங்க."

தாள் என் முன்னால் வந்தது. உச்சியில் அந்த எண் அச்சாகியிருக்கும் என்று தெரியும். இடது உள்ளங்கையால் அந்த இடத்தை மூடினேன்.

அதிகாரி சிரித்துவிட்டார். "இப்பப் பாக்கலாம் சார், பாத்தா குறையாது."

"உங்களுக்குத் தெரியாதும்மா. என் கை அப்படி."

முப்பத்தொரு வருடத்தில் ரீடிங்கைப் பார்க்காமல் நான் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று போட்டேன். மகள் அந்தத் தாளை இழுத்து எடுத்துக்கொள்ளும் வரை இடது கையை எடுக்கவில்லை.