பாரணை செய்த பன்னிரண்டு நண்டுகள்

மூன்று வருஷத்துக்கு முன் ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை, கிள்ளியாற்று நண்டுகள் நேராக நடக்கத் தொடங்கின. பக்கவாட்டில் போவதே குலத்தொழிலாகக் கொண்டவை, பென்ஷன் வாங்கப் போகும் பெரியவர்களைப்போல் நிமிர்ந்து முன்னால் பார்த்துப் போயின. கலி முற்றிவிட்டது என்றார்கள் பழவங்காடித் தேங்காய்க்காரர்கள். அன்றே தேங்காய் விலையையும் ஏற்றினார்கள்.

காரணம் தெரிந்தவள் திவ்யலட்சுமி ஒருத்திதான். கிழக்கேகோட்டை அக்ரஹாரத்தில், வெங்காயம்கூடச் சேர்க்காத வீட்டுப் பெண். ஆறு வருஷமாக நண்டின் ஈரலில் விட்டமின் ஏ தேடிக்கொண்டிருந்தாள். பெயிண்ட் கழிவு கலந்த தண்ணீரில் நண்டு தின்ற சத்து கண்ணுக்குப் போய்ச் சேருவதில்லை. கண் மங்கியதும் பக்கம் தெரியாமல் நேரே நடக்கிறது என்பது அவள் ஆய்வு. லேப் தொட்டியில் மிச்சமிருந்தவை பன்னிரண்டு நண்டுகள். அவற்றை அறுத்து அளந்தால் டாக்டர் பட்டம். இல்லாவிட்டால் ஆறு வருஷமும் ஆற்றோடு போச்சு.

மழையில் லேப் கூரை ஒழுகியதால் தொட்டி வீட்டுப் பின்கட்டுக்கு வந்தது. அறுப்பதற்கு முன் நண்டுகளை ஒரு நாள் பட்டினி போடவேண்டும். அந்த நாள் ஏகாதசியாக அமைந்துவிட்டது. மறுநாள் காலை திவ்யா குளித்துவிட்டு வருவதற்குள் பன்னிரண்டும் அகத்திக்கீரையை மென்றுகொண்டிருந்தன.

"நீதானேடி ஒண்ணும் குடுக்கப்படாதுன்னே," என்றாள் அம்மா சீதாலக்ஷ்மி. "உபவாசம் இருந்ததுகள், துவாதசிப் பாரணை பண்ணவேண்டாமோ?"

திவ்யா தரையில் உட்கார்ந்து அழுதாள். அதற்குள் நண்டுகளின் கண்கள் விளக்குத் திரிபோல் எரியத் தொடங்கின. அம்மா டியூப்லைட்டை அணைத்துவிட்டு அந்த வெளிச்சத்தில் அரிசியில் கல் பொறுக்கினாள். சாயங்காலத்துக்குள் பன்னிரண்டும் ஒழுங்காகப் பக்கவாட்டில் நடந்தன. ஆய்வு வழிகாட்டி ஸ்ரீகண்டன் வந்து, ஒரு நண்டு தன் செருப்பை ஒதுங்கிப் போவதை வெகுநேரம் பார்த்தார்.

"சாரமில்லை மோளே, பரவாயில்லை. கீரைச் சத்து கண்ணுக்கே போய்ச் சேர்ந்திருக்கு, இதையே எழுது. அம்மை எத்தனை கிராம் போட்டான்னு கேளு," என்றார்.

"ஒரு பிடி," என்றாள் அம்மா. ஆய்வேட்டில் அப்படியே அச்சாயிற்று. யாரையும் அறுக்காமல், கண்ணின் வெளிச்சத்தை மீட்டர் வைத்து அளந்தே திவ்யா பட்டம் வாங்கினாள்.

ஆறு மட்டும் பெயிண்ட் கழிவோடு அப்படியே கிடக்கிறது. அவளுக்கு அதில் இன்றும் ஆத்திரம்தான். ஆய்வேட்டின் நகல்கள் மூன்று அலுவலகங்களில் தூங்குகின்றன. அதனால் டாக்டர் திவ்யலட்சுமி துவாதசிதோறும் ஒரு கூடை அகத்திக்கீரையோடு பஸ் ஏறுகிறாள். ஆற்றுப்படியில் நண்டுகள் நேரே ஏறி வந்து, தின்றுவிட்டுப் பக்கவாட்டில் இறங்கிப் போகின்றன. பதினைந்து நாளில் மறுபடி கண் மங்கிவிடும். கண்டக்டர் பிஜு கூடைக்கு டிக்கெட் கேட்பதில்லை. பாலம் வந்ததும், "ஞண்டுக்கு இறங்கறவா இறங்கிக்கோங்கோ," என்று பெல்லடிக்கிறார். நாலைந்து மாமிகள் கீரைக்கட்டோடு எழுந்திருக்கிறார்கள்.