தட்டியது ஆர்

துறைமுக வீதியில் வீடியோக்கடை வைத்திருந்த ஸஹாப்தீனுக்குப் புஸ்பராணி மேல் சந்தேகம் வரக் காரணம் ஒரு பேய்ப்படம்தான். சண்டை தொடங்கியபின் தியேட்டருக்குப் போக ஆருக்கும் துணிச்சல் இல்லை; சனம் கசெட் எடுத்துப்போய் வீட்டிலேயே படம் பார்த்தது. புதுசாக வரும் கலர்ப் பேய்ப்படங்கள் கொஞ்ச நாளில் அலுத்துவிடும். உப்புவெளியிலிருந்து சைக்கிளில் வரும் புஸ்பராணி மட்டும் ஒவ்வொரு முறையும் அதே பழைய கறுப்பு வெள்ளைப் படத்தையே கேட்டாள்.

ஆமிக்காரரின் சென்றிச் சாவடியைத் தாண்டிப் போகிற கசெட்டுக்குள் எதையாவது கடத்துகிறாளோ என்று அவன் சந்தேகப்பட்டான். பிடிபட்டால் கடைக்காரனையும் சேர்த்துத்தான் அள்ளுவார்கள். அவள் திருப்பித் தந்ததும் கசெட்டைக் கழற்றிப் பார்த்தான். நாடாவைத் தவிர ஒன்றுமில்லை. இடையில் வேறேதும் பதிந்திருக்குமோ என்று முழுப்படத்தையும் போட்டுப் பார்த்தான். ரத்தமில்லை, கோரப்பல் இல்லை. ஒரு வீட்டுக் கதவை யாரோ தட்டுகிறார்கள். உள்ளே இருப்பவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். பட்டப்பகலில் அவன் எழும்பிப்போய்க் கடைக்கதவைப் பூட்டினான்.

ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அடுத்த தடவை அவள் கசெட்டைத் தரப் பிந்தவே, அதைச் சாட்டாக வைத்து ஒரு பின்னேரம் அவள் வீட்டுக்கே போனான். உள்ளே படம் ஓடியது. கதவைத் தட்டினான். சத்தம் சட்டென்று நின்றது. மறுபடி தட்டியபோது ஒரு பிள்ளை விம்மியது.

"நான் வீடியோக்கடை ஸஹாப்தீன், தங்கச்சி."

புஸ்பராணி கதவைக் கொஞ்சமாகத் திறந்தாள். பின்னால் அலுமாரியோடு ஒட்டிக்கொண்டு இரண்டு பெண்பிள்ளைகள் நின்றார்கள்.

"ஸஹாப்தீன் நானா, உங்களை ஆர் அனுப்பினது?"

ஒருவரும் அனுப்பவில்லை என்றான். ஏன் எப்போதும் இந்தப் படத்தையே எடுக்கிறீர்கள் என்று கேட்டான். அவள் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"இவையின்ர அப்பாவை இப்பிடித் தட்டித்தான் கூட்டிக்கொண்டு போனவங்கள். மற்றப் படங்களில கடைசியில பேயைக் காட்டிப்போடுவாங்கள், பிள்ளையள் சிரிக்குதுகள். இதில தட்டினது ஆரெண்டு காட்டவேயில்லை. எங்களுக்கும் இண்டைவரைக்கும் தெரியாது. பயந்து பயந்தும் இதைத்தான் கேக்குதுகள்."

கசெட்டை அவளே வைத்துக்கொள்ளட்டும் என்றான். தலையாட்டினாள், ஆனால் ஒருவரும் அனுப்பாமல் வந்தவன் என்பதை அவள் நம்பவில்லையென்று முகத்தில் தெரிந்தது. மறுநாள் காலையிலேயே அதைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, தான் சொன்னதை ஒருவரிடமும் கதைக்கவேண்டாம் என்றாள். அவன் ஓம், கதைக்கமாட்டேன் என்றான். பிறகு அவள் வரவேயில்லை.

அந்தப் படத்தைக் கேட்டு வேறு ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஏன் என்று ஸஹாப்தீன் ஒருவரையும் விசாரிக்கவில்லை.