ஒரு நாள் அனுமதி

ஆஸ்பத்திரியில் அவளை எல்லோரும் எக்ஸ்ரே அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ‘மூச்ச இழுத்துப் பிடிங்க, விடுங்க’ என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்கிற வேலை. இருபத்தொன்பது வயதில், மதிய இடைவேளையில் சற்று உட்காரலாம் என்று ஆஸ்பத்திரிச் சிற்றாலயத்துக்குள் போனவள் ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அங்கே யாரோ வெகு நாளாகத் தனக்காகக் காத்திருந்தது போல இருந்தது. மறுநாளும் போனாள். ஒரு வருஷம் போனாள். அப்புறம்தான், வெளியே வராத கன்னியர் மடத்தில் சேரப்போவதாக வீட்டில் சொன்னாள்.

தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே அம்மா கேட்டாள்: “நோயாளிங்களப் பாக்குற சிஸ்டரா போறேன்னாகூட மனசத் தேத்திக்குவேன். கதவப் பூட்டிக்கிட்டு உள்ள உக்காந்து ஜெபம் பண்ணா யாருக்கு என்ன பிரயோஜனம்?”

“தெரியலம்மா. ஆனா போகாம இருக்க முடியல.”

“அப்பா இல்லாத பிள்ளைங்கள இத மிதிச்சு மிதிச்சுதான் வளத்தேன். போ. நான் பாக்க வரமாட்டேன்.”

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பதினாறு வருஷம் மடத்துக் கம்பிக் கிராதிக்கு அப்பால் தம்பி மட்டும்தான் வந்து உட்கார்ந்தான். உள்ளே அவள் திருப்பலிக்கு அப்பம் சுட்டாள், வேளை தவறாமல் பைபிள் சங்கீதம் பாடினாள். சந்தோஷமாகவே இருந்தாள். அதுதான் அவளை உறுத்தியது.

பதினேழாம் வருஷம் தம்பி வந்து சொன்னான்: “அம்மாவுக்கு ஞாபகம் தப்பிடுச்சுக்கா. சாப்பாடும் இறங்கல. உன்னத்தான் கேக்குறாங்க. டியூட்டி முடிஞ்சு வந்துருவான்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டேன்.”

மடத்துத் தலைவி ஒரு நாள் அனுமதி கொடுத்தார்.

அம்மா கட்டிலில் ஒரு பிடியாகக் கிடந்தாள். கறுப்பு முக்காட்டைக் கண்டதும் கைகூப்பினாள்.

“சிஸ்டர், எம் பொண்ணு உங்ககிட்டதான் இருக்கா. ஒரு வாரம் அனுப்பி வைங்க. கோவத்துல ஒரு வார்த்த சொல்லிட்டேன். அத மனசுல வச்சுக்கிட்டு வராம இருக்கா.”

“அம்மா, நான்தாம்மா அது.”

அம்மா உற்றுப் பார்த்தாள். “நீங்க வயசானவங்க. அவளுக்கு முப்பதுதான்.”

தம்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண்ணால் தடுத்தாள்.

“அவளுக்கு உங்க மேல கோவமே இல்ல” என்றாள்.

“சாப்பிடுறாளா?”

“சாப்பிடுறா.”

“முதுகு வலிக்கும் அவளுக்கு. கனமா எதையும் தூக்க விடாதீங்க.”

“சரிம்மா.”

கரண்டியில் பால் புகட்டினாள், தலை வாரிவிட்டாள். “யாரு பெத்த பிள்ளையோ” என்று அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள்.

சாயங்காலம் கார் வந்தது. “இன்னும் ரெண்டு நாள் கேட்டுப் பாரேன்” என்றான் தம்பி.

“ரெண்டு நாள் இருந்தா அப்புறம் போகமாட்டேன்டா.”

ஒன்பதாம் நாள் அம்மா போய்ச் சேர்ந்தாள். செய்தி வந்தபோது அவள் அப்பத்துக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டுச் சிற்றாலயத்துக்குப் போனாள். ஜெபம் வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை.

“வீட்டுக்குப் போகணும்னு இருக்கா? மறைக்காம சொல்லு” என்றார் தலைவி.

“இல்ல மதர். ஆண்டவரு அங்கதான் இருக்காரு. எனக்குத்தான் அவரு முகத்துல முழிக்கப் பிடிக்கல.”

“கோவத்தோடயே போய் உக்காரு. அவரு தாங்குவாரு.”

அப்படியே உட்கார்ந்தாள், இரண்டு வருஷம். ஒரு விடியற்காலை, சங்கீதத்தின் நடுவில் எல்லோருக்கும் கேட்கும்படி அழுதாள். பக்கத்தில் நின்ற வயதான சிஸ்டர் பாட்டை நிறுத்தாமல் புத்தகத்தில் வரியைத் தொட்டுக் காட்டினாள். அந்த வரியிலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள்.