பட்டினி கிடக்க வேண்டிய பாதி

குஞ்சிதபாதத்துக்கு மண்டையில் ஏதாவது இருக்கிறதா என்ற சந்தேகம் விஷ்ணுப்ரியாவுக்கு நடவு முடிந்த வாரமே வந்துவிட்டது. குரும்பகரத்தில் ரோட்டோரமாக இருந்த அவர் வயலைத்தான் தன் முனைவர் பட்ட ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கியிருந்தாள். நடுவே ஒரு வரப்பு. கிழக்குப் பாதிக்கு அவள் தயாரித்த சத்துக் கலவை, மேற்குப் பாதிக்கு ஒன்றும் கிடையாது. இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

"ஏம்மா, மேக்கால இருக்கறது என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்டார் மனுஷர்.

"அது அப்படித்தாங்க இருக்கணும். நீங்க எதையும் தொடாதீங்க, போதும்."

இந்த ஆளுக்கு விளக்கினால் வாய்தான் வலிக்கும். மிச்சக் கலவையை மூட்டையோடு அவருடைய மாட்டுக்கொட்டகையில் போட்டுவிட்டுக் காரைக்கால் பஸ் ஏறினாள்.

அப்புறம் வந்து பார்த்தபோதெல்லாம் இரண்டு பாதியும் ஒரே பச்சை. கதிர் முற்றட்டும், தெரியும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அறுவடையும் வந்தது. இரண்டு பக்கமும் ஒரே அளவு இடத்தில் அறுத்து நிறுத்தாள். கால் கிலோகூட வித்தியாசமில்லை. அப்படியானால் கலவை வெறும் மண். இரண்டு வருஷம் மண்ணைத்தான் கலக்கியிருக்கிறாள்.

குஞ்சிதபாதம் முகமெல்லாம் சிரிப்பாக வந்தார். "பாத்தீங்களா, உங்க மருந்து ரெண்டு பக்கமும் எப்படி வேலை செஞ்சிருக்கு!"

"ரெண்டு பக்கமுமா?"

"கொட்டகையில கெடந்தத மேக்கால தூவிட்டேன். பந்தியில பாதிப் பேருக்கு மட்டும் பாயசம் ஊத்துவாங்களா? கோட்டுச்சேரி பஸ்ஸுல போறவன்லாம் பாக்குறான். பாதி வயல காயப் போட்டா என்னை என்ன நெனப்பான்?"

அறிவு கெட்ட மனுஷன்! "அது இல்லாம பயிர் எப்படி வருதுன்னு தெரிஞ்சாத்தானே, வந்தது அதாலன்னு சொல்ல முடியும்? இப்ப எத வச்சு சொல்லுவேன்? என் வருஷமே போச்சுங்க!"

குஞ்சிதபாதத்தின் சிரிப்பு நின்றது. மேற்குப் பாதியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒப்பிட்டுப் பாக்கவா? போன வருஷம் மாட்டுக்குப் புதுத் தீவனம் வாங்கினப்ப நானே ஒரு மாட்டுக்குக் குடுக்காமத்தான் பாத்தேன். இந்த ஒரு வார்த்தைய அன்னிக்கே சொல்லியிருந்தா மூட்டையத் தொட்டிருப்பேனா? தொடாதீங்கன்னு மட்டும்தானேம்மா சொன்னீங்க."

விஷ்ணுப்ரியா நோட்டை மூடினாள். மண்டையில் ஒன்றும் இல்லாதது யாருக்கு என்று இப்போது தெரிந்துவிட்டது.