சந்தைக் கழிப்பறையின் சாவி

கிட்ட வந்து உட்காருங்கள், கண்மணிகளே. இன்னும் கொஞ்சம் நெருங்கி. பதவி கிடைத்த ஒருத்தியின் கதை சொல்கிறேன்.

ஒரு சந்தையில் வெங்காயக்காரி ஒருத்தி இருந்தாள். அந்தச் சந்தையில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. இரண்டு வருடம் நகராட்சி அலுவலகத்துக்கு நடையாய் நடந்து, அதிகாரிகள் மேசை முன்னால் கால் கடுக்க நின்று, தொண்டை கிழியக் கத்தி, அவள்தான் ஒன்றைக் கட்ட வைத்தாள். பெண்கள் கூடி அவளையே சங்கத் தலைவியாக்கினார்கள். முட்டைக்காரி மட்டும் எதிர்த்துக் கை தூக்கினாள். "இவ வாய்க்குப் பதவி வேறயா? நம்மள மூச்சு விட விடமாட்டா!"

வெளியாட்கள் அசுத்தம் செய்கிறார்கள் என்று கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள் வெங்காயக்காரி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் வாரம் கேட்டவுடன் கொடுத்தாள். பிறகு கேட்கிறவள் முகத்தைப் பார்த்துக் கொடுத்தாள். "இப்பத்தானேடி போன?" என்று நாலு பேர் காதில் விழக் கேட்டாள்.

முட்டைக்காரி வந்தால் மட்டும் வெங்காயக்காரியின் தராசு வேண்டுமென்றே மெதுவாக ஆடும்.

"இரு, வியாபாரத்தை முடிச்சிட்டுத் தரேன். முட்டை மாதிரி உடைஞ்சா போயிடுவ?"

சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரிப்பார்கள். முட்டைக்காரி காலை மாற்றி மாற்றி நிற்பாள். அதைப் பார்க்க வெங்காயக்காரிக்கு உள்ளுக்குள் இனித்தது.

கொஞ்ச நாளில் முட்டைக்காரி சாவி கேட்டு வருவதே நின்றுபோனது. வழிக்கு வந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டாள் தலைவி.

வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், முட்டைக்காரி தன் கடையிலேயே சரிந்து விழுந்தாள். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். தலைவி போகாமல் இருக்க முடியுமா? அவளும் ஏறினாள்.

"இவங்க தண்ணியே குடிக்கிறதில்லையா? சிறுநீரகம் வரைக்கும் கிருமி ஏறியிருக்கு," என்றாள் நர்ஸ்.

அதே சந்தையில் பழம் விற்கும் முட்டைக்காரியின் தங்கை, வெங்காயக்காரி பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாள். "காலைல வீட்டுல குடிக்கிறதோட சரி. அக்கா மட்டுமில்ல சிஸ்டர், எங்க சந்தையில பாதிப் பேரு இப்படித்தான். குடிச்சா சாவி கேட்டு நிக்கணுமே."

வெங்காயக்காரி இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டுப் பார்த்தாள். மேசை முன்னால் தன்னை நிற்க வைத்த அதிகாரிகளை எத்தனை நாள் சபித்திருப்பாள்! அவர்களிடமிருந்து கழிப்பறையோடு இந்த வித்தையையும் அல்லவா வாங்கி வந்திருக்கிறாள்.

கட்டிலருகே போனாள். முட்டைக்காரி கண்ணைத் திறந்தாள். "அன்னிக்குக் கை தூக்கினதுக்கா இவ்வளவும்?"

சுத்தம், வெளியாட்கள் என்று நல்ல நல்ல காரணங்கள் வாய் வரை வந்தன. விழுங்கினாள்.

"ஆமாண்டி. அதுக்குத்தான். என்னை மன்னிச்சிடு."

முட்டைக்காரி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வெங்காயக்காரி பூட்டைக் கழற்றினாள். "இனிமே யாரும் யாரையும் கேக்க வேணாம். கழுவுறதுக்கு முறை வெச்சுக்கலாம். இந்த வாரம் என் முறை," என்று சந்தை முழுக்கச் சொல்லிவிட்டு, வாளியும் துடைப்பமுமாக முதல் ஆளாய் உள்ளே போனாள்.

பத்து மணி இருக்கும். கீரைக்காரி வந்து அவள் கடை முன்னால் நின்றாள்.

"என்னடி?"

"போயிட்டு வரட்டுமாக்கா?"

"அதான் பூட்டே இல்லையேடி!"

"தெரியும்கா. இருந்தாலும்... ஒரு வார்த்தை..."

வெங்காயக்காரி தராசைக் கீழே வைத்தாள். குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு நீட்டினாள். "குடிடி. குடிச்சிட்டுப் போ. உன் கடையை நான் பார்த்துக்கறேன்."

கீரைக்காரி அவள் முகத்தை ஒருமுறை பார்த்தாள். ஒரே ஒரு மடக்கு குடித்துவிட்டு, மீதியைத் திருப்பிக் கொடுத்தாள்.

கண்மணிகளே, உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் பயந்து தாகத்தை அடக்காதிருக்கட்டும். உங்கள் குடமும் நிறையட்டும், குடும்பமும் நிறையட்டும்.