மருந்துச் செடிக்கு மருந்து

என் வாய்க்குப் பயந்தே இந்தத் தெருவில் பாதிப் பேர் என் வீட்டுப் பக்கம் வருவதில்லை. மீதிப் பேர் பள்ளிக்கூடத்தில் என்னிடம் கணக்குப் படித்தவர்கள். அவர்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். என் வீட்டுக்காரர் அமிர்தராஜ் இருந்தவரை அவரைப் பார்க்க நாலு பேர் வருவார்கள், அந்தச் சாக்கில் எனக்கும் ஒரு வணக்கம் கிடைக்கும். அவர் போன பிறகு பால்காரரோடு சரி.

போங்கள், யாருக்கு நஷ்டம் என்று வீம்பாகத்தான் இருந்தேன். ஆறு மாதத்தில் வீம்பு போய்விட்டது. ஆள்தான் வரவில்லை, பூச்சியாவது வரட்டும் என்று வீட்டைச் சுற்றிச் செடி வைத்தேன். ரோஜா, குரோட்டன்ஸ் எல்லாம் இல்லை. சுருளிப்பட்டி ரோட்டோரத்திலும் மலையடியிலும் தானாக முளைக்கிறவை: நன்னாரி, கொடிவேலி, துளசி, விஷ்ணுகிராந்தி. ஒருதடவை வேர் பிடித்துவிட்டால் வருஷா வருஷம் தானே தழைக்கும். கேட்டவர்களிடம் மருந்துச் செடி என்று சொல்லிவைத்தேன். பூச்சிக்கு விருந்து வைக்கிறேன் என்றால் ஊர் என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியாதா?

விருந்தாளிகள் வந்தார்கள். துளசிப் பூவுக்குத் தேனீ. நன்னாரிக்கு ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி, இறக்கை ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளி. அது நன்னாரி இலையில் முட்டை வைக்கும். வரிவரியாகப் புழு வரும். விடிந்ததும் நான் முட்டி வலியோடு குத்தவைத்து உட்கார்ந்து, இலை இலையாகத் திருப்பிப் பார்ப்பேன். "என்னங்கடி, ராத்திரி நல்ல வேட்டையா?" என்று விசாரிப்பேன். எதிர்த்துப் பேசாத பிள்ளைகளை அப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

போன மாதம் அல்லிநகரத்தில் தங்கச்சி மகளின் புதுவீட்டு மந்திரிப்பு. பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்துவிட்டுப் போனதும் எல்லாரும் சாப்பாட்டில் மும்முரமாகிவிட்டார்கள். ஒரு ராத்திரி தங்கிவிட்டு மறுநாள் மத்தியானம் திரும்பினேன். கேட்டைத் திறக்கும்போதே பூச்சிமருந்து வாடை மூக்கில் ஏறியது. நன்னாரிக் கொடிக்குக் கீழே புழுக்கள் சுருண்டு கிடந்தன. துளசியில் ஒரு தேனீ இல்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு உட்கார்ந்து அழுதேன். அமிர்தராஜுக்குக்கூட நான் அப்படி அழவில்லை. அவர் போன அன்றைக்கு வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என் வீட்டை ஒட்டிய திராட்சைத் தோட்டம் வேல்பாண்டியுடையது. அவன் பந்தலுக்கு அடித்த மருந்துதான் காற்றில் வந்திருக்கிறது, இன்றைக்கு அவனை உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று வேலியோரம் போனேன். அவன் முந்திக்கொண்டான்.

"வந்துட்டீகளா டீச்சர்! செடியப் பாத்தீகளா? நீங்க இல்லாத நேரமாப் பாத்து நானே உள்ள எறங்கி நல்லா அடிச்சு விட்டேன். மருந்துச் செடிக்கே மருந்து அடிக்க வேண்டியதாப் போச்சு, பாத்துக்கோங்க."

"யாருப்பா உன்ன அடிக்கச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? தெனம் காலையில பாக்குறேன்ல. முட்டி வலியோட அங்கன குத்தவச்சு ஒவ்வொரு புழுவாப் பொறுக்குறீக. ஒத்தையில கெடந்து இம்புட்டுச் செரமப்படுறீகளேன்னு மனசு கேக்கல."

வாய் வரைக்கும் வந்த ஏச்சு அப்படியே நின்றுவிட்டது. நான் புழு பொறுக்குகிறேன் என்று நினைத்திருக்கிறான், பாவிப் பயல். ஆனால் தினமும் பார்த்திருக்கிறான். நான் இருக்கிறேனா செத்தேனா என்று எட்டிப் பார்க்க நாதியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். "நல்லா இருப்பா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகு அவன் தினமும் வேலியோரம் வந்து குரல் கொடுத்தான். "டீச்சர், புழு ஒழிஞ்சுதா?" ஒழிஞ்சதுப்பா. "சாப்பிட்டீகளா?" ஆச்சுப்பா. ஒருநாள் ஒரு கொத்துத் திராட்சை நீட்டினான். அந்த இரண்டு கேள்விக்காக நான் வேறு சேலை மாற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றேன் என்றால் நம்புவீர்களா? நின்றேன்.

நன்னாரி சாகவில்லை. ஆழத்தில் வேர் கிடக்கிற செடி அல்லவா, புதுத் தளிர் விட்டது. நேற்றுக் காலையில் ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி வந்து, தளிருக்கு அடியில் வயிற்றை மடக்கி முட்டை வைத்தது. நான் மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தபோது, முதுகில் மருந்து டேங்கோடு வேல்பாண்டி உள்ளே வந்தான்.

"ரெண்டாவது ரவுண்டும் அடிச்சாத்தான் டீச்சர் அடியோட போகும். தள்ளிக்கோங்க, மூக்குல ஏறிரும்."

தள்ளி நின்றால் முட்டை போய்விடும். மறித்தால் இவன் போய்விடுவான். இரண்டில் எது இல்லாமல் என்னால் இருக்க முடியும் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் அந்த முட்டைக்கு வாய் கிடையாது.

"வேணாம்ப்பா. புழுவ நான் பொறுக்கல. வளத்தேன்."

"புழுவயா? எதுக்கு டீச்சர்?"

"அதுதானப்பா பட்டாம்பூச்சி ஆகுது. வீட்டுக்கு யாராச்சும் வரணும்ல."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப நான் அடிச்சது... அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ அப்பறம் வரமாட்டியே."

அவன் செடியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "சரி டீச்சர், இனிமே இங்கன அடிக்கல" என்று திரும்பினான்.

"மருந்துதான் வேணாம்னேன். நீ வாப்பா."

நின்றான். கேலி இல்லை, கோபம் இல்லை. நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டான்.

"மருந்தும் அடிக்காம, இங்கன வந்து நான் என்ன டீச்சர் செய்ய?"

காப்பி குடிக்கலாம், சும்மா உட்கார்ந்து பேசலாம் என்று எவ்வளவோ சொல்லியிருக்கலாம். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, தோட்டத்தில் வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனான்.